இரண்டு வெந்நீர்ப் பைகள்

2025 மார்ச் 4, செவ்வாய்க்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். பால் காய்ச்சி, இட்லி ஊற்றி, தேங்காய்ச் சட்னி அரைத்தேன். கணவருக்கு முதல் ஷிப்ட் என்பதால் அவருடைய டிபன் பாக்ஸ் முதலில் தயாரானது. எட்டேகாலுக்கு ஸ்டோர்ஸில் கையெழுத்துப் போட்டேன். சுரங்கத்துக்கென்று லாரியில் வந்து இறங்கும் பொருள்களைச் சோதித்து, ஏற்பது அல்லது தள்ளுவது என் வேலை. அன்று கன்வேயர் உருளைகள் வந்திருந்தன. இரண்டு சரியாகச் சுழலவில்லை. சிவப்புச் சீட்டு ஒட்டித் தனியே வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது, ஜெர்மனியிலிருந்து மாப்பிள்ளை பிரபு கூப்பிட்டார்.

"அத்தை, பயப்படாதீங்க. மதிக்குக் கையில சுடுதண்ணி பட்டுடுச்சு. ஆஸ்பத்திரியிலதான் இருக்கோம். கொழந்த நல்லா இருக்கான்."

என் மகள் மதிக்கு ஜனவரியில்தான் குழந்தை பிறந்திருந்தது. இடுப்பு வலிக்கு மின்சாரத்தில் சூடேற்றும் வெந்நீர்ப் பை வைப்பது வழக்கம். உள்ளே நீர் அடைத்து ஒட்டப்பட்ட ரப்பர் பை அது. ஒயரைச் செருகினால் சிவப்பு விளக்கு எரியும். சூடு போதுமென்றால் தானாக அணையும். அன்று அணையவில்லை. பை உப்பிக்கொண்டு இருந்தது. மதி அதை எடுத்தபோது ஓரத்து ஒட்டு விட்டு, கொதிநீர் வலது கை முழுக்கக் கொட்டிவிட்டது.

"எந்தப் பை?" என்று கேட்டேன். அதுதான் நான் கேட்ட முதல் கேள்வி.

அந்த வீட்டில் இரண்டு பைகள் இருந்தன. ஒன்று, நான் நெய்வேலியிலிருந்து இணையத்தில் வாங்கிக் கொடுத்தனுப்பியது. மற்றது, நான் அனுப்பியது போய்ச் சேருமுன்பே பிரபு அங்கே வேறொரு இணையச் சந்தையில் வாங்கியது. பெட்டியைத் திறந்து பார்த்தால் இரண்டும் ஒரே நிறம், ஒரே வடிவம், ஒரே சீனத் தொழிற்சாலை.

"இங்க வாங்கினதுதான் அத்தை. நீங்க அனுப்பினதுக்கு வேட்டித் துணியில உறை தைச்சிருந்தீங்களே, அது பத்திரமா இருக்கு."

எனக்கு ஒரு நிம்மதி வந்தது. மகளின் கை வெந்து கிடக்கையில் வந்த நிம்மதி. அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

விசா கையில் இருந்தது. பிரசவத்துக்கே போயிருக்க வேண்டியவள் நான். வருடக் கடைசி இருப்புச் சரிபார்ப்பை முடித்துவிட்டுப் போகலாமென்று தள்ளிப்போட்டேன். எனக்குப் பதிலாகப் பிரபுவின் அம்மா போனார். திருவதிகைக்காரர், பண்ருட்டி மார்க்கெட்டில் முந்திரி வாங்கி விற்பவர். அவர் பெட்டியில்தான் அந்தப் பையையும் வைத்து அனுப்பினேன். அங்கே என்ன விலையோ, கிடைக்குமோ கிடைக்காதோ என்ற எண்ணம். நம் ஊரிலிருந்து வெளிநாடு போகும் பெட்டி ஒன்றுகூட இடமிருந்து மூடப்பட்டதில்லை.

டிக்கெட் கிடைக்க ஒரு வாரமாயிற்று. பிராங்பர்ட்டில் இறங்கினேன். ரயில் நடைமேடையில் நான் ஏற வேண்டிய ரயில் பெட்டி எங்கே நிற்கும் என்று பலகையில் எழுதியிருந்தது. அதன் நேர் எதிரே என் சூட்கேஸை ஊன்றிக்கொண்டு நின்றேன். வண்டி வருவதற்கு முன் ஒலிபெருக்கி ஏதோ சொன்னது. நின்றிருந்த கூட்டம் முழுவதும் சட்டென்று எதிர்த்திசையில் ஓட ஆரம்பித்தது. ரயில் பெட்டிகளின் வரிசை அன்று தலைகீழாம். ஒழுங்குக்குப் பெயர்போன நாட்டில் என் முதல் அனுபவம், விருத்தாசலம் ஜங்ஷனில் ஓடுவதுபோல ஓடியதுதான். ஒரு தாடிக்கார இளைஞர் என் சூட்கேஸைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினார். திருடனோ என்று பதறினேன். ஏறியதும் அதை என் காலடியில் வைத்துவிட்டு, மூச்சு வாங்கியபடி ஆங்கிலத்தில், "எங்கள் ரயிலை மன்னித்துவிடுங்கள்" என்றார்.

கொலோனில் வண்டி மாறி மேற்கே ட்யூரன் என்ற சிற்றூருக்குப் போக வேண்டும். கார்னிவல் என்ற வீதித் திருவிழா முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. சாக்கடை ஓரமெல்லாம் வண்ணக் காகிதத் துணுக்குகள் நனைந்து ஒட்டிக் கிடந்தன. ஜன்னலுக்கு வெளியே தட்டையான வயல்கள். அவற்றுக்கு அப்பால் அனல்மின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரங்கள் வெண்புகை விட்டுக்கொண்டிருந்தன. இதுவும் பழுப்பு நிலக்கரிச் சீமை. எட்டாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து, எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து தெரியும் காட்சியையே பார்த்தேன்.

மதி கதவைத் திறந்தாள். வலது கையில் முழங்கை வரை கட்டு. இடது தோளில் குழந்தை. "வாம்மா" என்றவள், கையைப் பின்னால் கொண்டுபோனாள். சின்ன வயதில் மதிப்பெண் அட்டையை மறைப்பதும் அப்படித்தான்.

அவள் பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் லேபில் பயிற்சியில் இருந்தாள். அரிசி முனை அளவு கருவியைப் பிடித்து, பல்லின் பள்ளங்களைச் செதுக்கும் வேலை. தொடைத்தோல் எடுத்துக் கையில் ஒட்டியிருந்தார்கள். ஒட்டிய தோல் பிடித்துவிடும், ஆட்காட்டி விரலும் நடுவிரலும் பழையபடி மடங்குமா என்பதை ஆறு மாதம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார் மருத்துவர். லேப் முதலாளி இலையுதிர்காலம் வரை காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குப் பின் வேறு ஆள்.

சம்பந்தியம்மா என்னைக் கண்டதும் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். "நான்தான் சம்பந்தி கரண்டுல சொருவனேன். லைட்டு அணயல. நான் புடுங்கறதுக்குள்ள மருமவ எடுத்துகினு வந்துட்டா. என் கையில கொட்டியிருக்கக் கூடாதா? முந்திரிக்கொட்ட பால்ல ஊறன கை இது, ஒண்ணும் ஆயிருக்காது."

அடுத்த நாள்களில் சமையல் என் பொறுப்பாயிற்று. இங்கே ரொட்டிதான் எல்லாவற்றுக்கும். சம்பந்தியம்மா ஒரு துண்டைத் தட்டில் தட்டிக் காட்டினார். "இது ரொட்டியா, செங்கல்லா? நேத்து கடிச்சிகினே இருந்தேன், கட்டுன பல்லு ரெண்டு ஆடுது. நல்லவேள, பல்லு செய்ற வூட்லயே இருக்கறேன்." மதி சிரித்தாள். நான் வந்த பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

தெருமுனையில் ஒரு துருக்கியர் கடை. கொத்துமல்லி, பச்சை மிளகாய், நல்ல தயிர் மூன்றும் அங்கே கிடைக்கும். நோன்பு மாதம். ஒரு நாள் மாலை நான் காசு கொடுக்கும்போது கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்து, "பொறுங்கள்" என்று சைகை செய்துவிட்டு, பேரீச்சம்பழத் தட்டை முதலில் என் பக்கம் நீட்டினார். பிறகுதான் தான் ஒன்றை வாயில் போட்டார். பகல் முழுக்கப் பட்டினி கிடந்தவர், வாங்க வந்தவளுக்கு முதலில் கொடுக்கிறார். எங்கள் ஊரிலும் நோன்புக் கஞ்சி வீடு தேடி வரும். அந்தக் கடையில் நான் அந்நியமாக உணரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிரபு என்னைச் சுரங்கம் பார்க்க அழைத்துப்போனார். விளிம்பில் பார்வையாளர் மேடை கட்டி, பெஞ்சு போட்டு, ஐஸ்கிரீம்கூட விற்கிறார்கள். அடியில் நம் சுரங்கத்தில் சுற்றும் அதே பக்கெட் வீல் இயந்திரம், சக்கரம் நிறைய வாளிகள் பூட்டி மண் வாருவது, அதே அவசரமில்லாத சுழற்சி. நான் பார்த்து வளர்ந்த இயந்திரத்தின் பிறந்தவீடு இது. பக்கத்துப் பெஞ்சில் ஒரு முதியவர் தன் மனைவியிடம் பள்ளத்தைக் காட்டி ஏதோ சொன்னார். பிரபு மெதுவாகத் தமிழில் சொன்னார்: "'அதோ, அந்தக் காத்துல நம்ம சமையலறை இருந்துச்சு'ங்கறார்." எங்கள் சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது வளையமாதேவி கிராமத்தில் விளைந்த நெல்லின் மேல் இயந்திரம் இறங்கியதைப் பார்த்த எனக்கு அந்தப் பேச்சைப் புரிந்துகொள்ள மொழி தேவைப்பட்டிருக்காது.

திரும்பும்போதுதான் பிரபு தாங்கள் போட நினைக்கும் நஷ்டஈட்டு வழக்கைப் பற்றி விளக்கினார். தான் வாங்கிய பையின் அட்டைப்பெட்டியைக் காரில் எடுத்து வந்திருந்தார். அடியில் சிறு எழுத்தில் ஐரோப்பாவுக்குள் இருக்கும் ஒரு நிறுவனத்தின் பெயரும் முகவரியும் அச்சாகியிருந்தன.

"செஞ்சவன் சீனாவுல இருக்கான் அத்தை. ஆனா இங்க விக்கணும்னா இந்த மண்ணுல ஒருத்தர் பேரு போட்டாகணும். அந்தப் பேரு வெறும் பொய்னா, எங்கிட்ட வித்தவன் பதில் சொல்லணும். ஆள் இல்லன்னு யாரும் கைய விரிக்க முடியாது."

நான் அந்த முகவரியை விரலால் தடவிப் பார்த்தேன். எங்கள் ஸ்டோர்ஸ் முறை அதுதான். சப்ளையர் பெயரும் சோதனைச் சான்றிதழும் இல்லாமல் ஒரு ஸ்விட்சைக்கூட லாரியிலிருந்து இறக்க விடமாட்டேன். ஆனால் வீட்டுக்கு வெந்நீர்ப் பை வாங்கும்போது எத்தனை நட்சத்திரம் என்று மட்டும்தான் பார்த்தேன்.

மார்ச் 18 அன்று ஆக்கன் நகரில் நுகர்வோர் ஆலோசனை நிலையத்தில் நேரம் கொடுத்திருந்தார்கள். மதி கையைக் காட்ட வேண்டும். நேரில் பார்த்தவர் என்று சம்பந்தியம்மா வர வேண்டும். குழந்தையைப் பிரபு பார்த்துக்கொண்டார். வெடித்த பையையும் வெடிக்காத பையையும் தனித்தனிப் பிளாஸ்டிக் கவரில் போட்டு நான் எடுத்துக்கொண்டேன். புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டினேன்.

பாதி வழியில் ரயில் நின்றது. ஜெர்மனில் ஒரு அறிவிப்பு. எல்லோரும் பெருமூச்சு விட்டு இறங்கினார்கள். பாதையில் பழுது, மாற்றுப் பேருந்து வரும் என்றாள் மதி. எங்கே வரும் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. அவள் விசாரிக்கப் போனாள். நானும் சம்பந்தியம்மாவும் தூறலில் ஒரு தகரக் கூரையின் கீழ் நின்றோம். விசாரிக்கப் போன இடத்தில் நின்ற அம்மாள் ஒருவர், தன்னோடு நின்றவரிடம், "என் பேத்தி கல்யாணத்துக்காவது போய்ச் சேருவேனா?" என்று கேட்டுச் சிரித்ததாக மதி பிறகு சொன்னாள்.

நான் வெடிக்காத பையை எடுத்து, நான் தைத்த உறையைத் தடவினேன். ஓரத்தில் நாடா வைத்து, முடிச்சு அழுத்தாதபடி மடித்துத் தைத்தது.

"நல்லா தச்சிருக்கீங்க சம்பந்தி," என்றார் சம்பந்தியம்மா. "அதனாலதான் அத இதுக்கு மாத்தனேன்."

"எதுக்கு மாத்தினீங்க?"

"இந்த ஊர்ல வாங்கன பைக்குத்தான். இத அவ்ளோவா எடுக்கல, வழவழன்னு வழுக்கிச்சி. மருமவ புள்ளய புடிச்சிகினு இதையும் புடிக்கும்போது நழுவிகினே இருந்துச்சி. தொவைச்சி காயப் போட்டப்ப, துணிய இதுக்கு மாட்டி வுட்டேன். நம்மூரு பைதான் பழகிப்போச்சே, அது வெறுமனே கெடக்கட்டும்னு வுட்டுட்டேன்."

பையைக் கீழே இறக்கினேன். "எப்ப மாத்தினீங்க சம்பந்தி?"

"தீட்டு கழிச்சி தலைக்கு ஊத்தன அன்னிக்கு. ஏன், மாத்தக் கூடாதா?"

அப்படியானால் வெடித்தது நான் அனுப்பிய பை. இத்தனை நாளாக உறையைப் பார்த்து எல்லோரும் நம்பியது தவறு. நான் அதை மெதுவாகச் சொன்னேன். சம்பந்தியம்மாவுக்குப் புரியச் சிறிது நேரமாயிற்று. புரிந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அதனால இன்னா? ரெண்டும் ஒரே செவப்பு, ஒரே கம்பெனி. இதுவும்தான் வெடிச்சிருக்கும். நீங்களும் நானும் வாயத் தொறக்காட்டி, அந்தப் பைக்கா வாய் இருக்குது?"

"இங்க வாங்கினதுக்குத்தான் சம்பந்தி இங்க பொறுப்பு."

"அப்ப மருமவ கைக்கு? அதுக்கு ஆரு பொறுப்பு?"

பேருந்து வந்தது. மதி ஓடிவந்து எங்களோடு ஏறினாள். வழி முழுக்க நான் அந்த இரண்டு பைகளையும் மடியில் வைத்திருந்தேன். ஒரே அச்சில் வார்த்தவை. ஒரே குறை. ஒன்று கண்டெய்னரில் வந்து ஐரோப்பியக் கிடங்கில் இறங்கியது. மற்றது சம்பந்தியம்மாவின் பெட்டியில், வடகம் பாக்கெட்டுக்கும் நல்லெண்ணெய் டப்பாவுக்கும் நடுவே வந்தது. சட்டம் பார்ப்பது எந்த வாசல் வழியாக வந்தது என்பதைத்தான். கை வெந்தது இரண்டு கணக்கிலும் ஒன்றுதான். சொல்லாமல் இருந்துவிடலாம் என்று மூன்று நிறுத்தம் வரை முடிவு செய்திருந்தேன்.

ஆலோசகர் என் வயதுடைய பெண்மணி. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்தார். மதியின் கையைப் பார்த்ததும் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்து, தொடாமல் குனிந்து பார்த்தார். பிறகு நிதானமாகப் பேசினார். மதி எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"தயாரிச்சவர் பொறுப்பு. அவர் வெளிநாடுன்னா இறக்குமதி செஞ்சவர் பொறுப்பு. அவங்க யாருன்னு சொல்லலன்னா வித்தவர் பொறுப்பு. இணையச் சந்தைய எவ்வளவு தூரம் இழுக்க முடியும்கறதுல இன்னும் வாதம் இருக்காம். புதுச் சட்டம் வருதாம்மா, அதுல கிடங்குல வெச்சி அனுப்பறவங்களும் தப்ப முடியாதாம். அமெரிக்காவுல ஒரு மாநிலத்துக் கோர்ட்டு சந்தையும் பொறுப்புன்னு சொல்லுச்சாம், இன்னொரு மாநிலத்துல இல்லன்னுட்டாங்களாம். 'உங்க வழக்கு அவ்வளவு சிக்கல் இல்ல, பெட்டியிலேயே பேரு இருக்கு'ங்கறாங்க."

ஆலோசகர் வெடித்த பையை வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்தார். அப்புறம் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்க அனுப்பின பை பத்திரமா இருக்கான்னு கேக்கறாங்க," என்றாள் மதி. "சும்மா, விசாரிப்புக்கு."

சம்பந்தியம்மா என் முழங்காலை மேசைக்கடியில் அழுத்தினார். ஆமாம் என்று தலையாட்டினால் போதும். தலையாட்டுவதற்கு மொழிபெயர்ப்புகூட வேண்டாம்.

"மதி," என்றேன். "வெடிச்சது நான் அனுப்பினது. உன் மாமியார் உறைய மாத்திட்டாங்க. இப்பதான் தெரிஞ்சுது."

மதி என்னைப் பார்த்தாள். அவள் என்ன சொல்வாள் என்பது இனி என் கையில் இல்லை. நான் பேசிய மொழி அந்த அறையில் அவளுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். அவள் ஆலோசகர் பக்கம் திரும்பி, ஜெர்மனில், மூன்று நான்கு வாக்கியம் சொன்னாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆலோசகர் தலைமேலிருந்த கண்ணாடியை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, "ஓ" என்றார். மதி உள்ளதைச் சொல்லிவிட்டாள் என்று அதில் எனக்குத் தெரிந்துவிட்டது.

அவர் கோபிக்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. இந்தியாவில் வாங்கி, பெட்டியில் வந்த பொருளுக்கு இங்கே யாரையும் கேட்க முடியாது என்றார். உங்கள் நாட்டில் யார் பொறுப்பு என்று என்னிடம் நேராக ஆங்கிலத்தில் கேட்டார். நான் போனை எடுத்து ஆர்டர் பக்கத்தைக் காட்டினேன். விற்றவர் என்று டெல்லியில் ஏதோ சந்தில் ஒரு கடை எண். தயாரித்தவர் என்ற இடத்தில் ஒரு கோடு. "இதை எப்படி விற்க விடுகிறார்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்கவில்லை, போனிடம் கேட்டார்.

வெடிக்காத பையை மட்டும் வைத்துக்கொண்டார். காயம் இல்லாவிட்டாலும் ஆபத்தான பொருள் என்று கண்காணிப்பு அலுவலகத்துக்கு அனுப்பலாமாம். என் உறையைக் கழற்றி மடித்து என்னிடம் கொடுத்தார்.

திரும்பும் ரயில் சரியான நேரத்துக்கு வந்தது. சம்பந்தியம்மா வேறு வரிசையில் போய் உட்கார்ந்தார். புளிசாதப் பாத்திரம் திறக்கப்படவில்லை.

பிரபு ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார்: "ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாமே அத்தை." அப்புறம் சில நாள்கள் "சாப்பிட்டீங்களா?", "மாத்திரை போட்டீங்களா?" என்பதோடு நின்றுவிட்டது. நல்ல மனிதர். மரியாதை குறையவில்லை. அந்த மரியாதைதான் வலித்தது.

சம்பந்தியம்மா அப்படி இல்லை. துணி மடிக்கும்போது குழந்தையிடம் பேசுவதுபோலச் சொல்வார்: "உங்க ஆயா பெரிய ஆபீசருடா கண்ணு. உங்கம்மா கைய ரிஜெக்ட் பண்ணிட்டாங்க."

ஒரு மாலை மதி சமையலறைக்கு வந்தாள். மருத்துவர் சொன்னபடி, விரல்களை வெதுவெதுப்பான நீரில் வைத்து ஒவ்வொன்றாக மடக்க வேண்டும். ஆட்காட்டி விரல் பாதி வரை வந்து நின்றது. நான் மீதியை மடக்கிவிடக் கை நீட்டினேன். "நானே பண்றேம்மா" என்றாள். விரலை மறுபடி நீரில் வைத்து, "நீ சொல்லாம இருந்திருக்கலாம். நானும் மொழிபெயர்க்காம இருந்திருக்கலாம்" என்றாள்.

"ஏன் சொன்ன?"

"தெரியல. நீ தமிழ்ல சொன்னியா, நான் ஜெர்மன்ல சொல்லிட்டேன். யோசிச்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேன்." பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "இந்த விரல் வரலன்னா, அந்த அஞ்சு நிமிஷத்த நெனச்சிகிட்டேதாம்மா இருப்பேன்" என்றாள்.

நான் கிளம்பும் வாரத்தில் ஆலோசகர் மதிக்கு எழுதினார். கண்காணிப்பு அலுவலகம் பையைச் சோதிக்க எடுத்துக்கொண்டதாம். விற்பனைப் பக்கத்தைப் பிரபு வாங்கிய இணையச் சந்தை நீக்கிவிட்டதாம். மதி திறந்து காட்டினாள். படம் இருந்த இடம் சாம்பல் நிறமாகக் கிடந்தது.

கணவர் கடலூர் வக்கீல் ஒருவரைப் பார்த்து, அவரை என்னிடம் போனில் பேச வைத்திருந்தார். "பை கையில இருக்குதா மேடம்? பில்லு? அப்ப தாராளமா போடலாம். வாங்கனது நீங்க, உங்க சம்மதத்தோட யூஸ் பண்ணது உங்க பொண்ணு, அவங்களும் நுகர்வோர்தான். நம்ம சட்டத்துலயும் குறைபாடுள்ள பொருளுக்குப் பொறுப்பு வந்தாச்சி. ஆனா அந்த ஆன்லைன் சந்தைக்காரங்க, 'நாங்க எடம் குடுத்தவங்க, அவ்ளோதான்'னு நிப்பாங்க. சில எடத்துல நுகர்வோர் கமிஷன் அத ஒத்துகிச்சி, சில எடத்துல ஒத்துக்கல. நாள் ஆவும்ங்க. பைய மட்டும் வுட்டுடாம எடுத்துகினு வந்துடுங்க."

ஆகவே வெடித்த பை என் பெட்டியில் திரும்பியது. பிராங்பர்ட் விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். இளம் அதிகாரி கையுறை மாட்டிய விரலால் அதைத் தூக்கினார். கிழிந்த ஓரம் தொங்கியது.

"என்ன இது?"

"வெந்நீர்ப் பை."

"ஓட்டையாக இருக்கிறதே."

"தெரியும்."

அவர் பக்கத்தில் நின்றவரிடம் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். "இந்தியாவில் நல்ல பை கிடைக்காதா அம்மா?" என்றார் ஆங்கிலத்தில். கேலி இல்லாத, இளவயதுச் சிரிப்பு. அதுவே இந்தியாவிலிருந்து வந்ததுதான். இருந்த இடத்திலேயே திரும்ப வைத்து, ஜிப்பையும் அவரே இழுத்து மூடினார்.

நெய்வேலிக்கு மாலையில் வந்து சேர்ந்தேன். பஸ் ஸ்டாண்டில் கணவர் ஸ்கூட்டரோடு நின்றார். "கை எப்படி?" என்றார். "பாதி மடங்குது" என்றேன். வேப்பம்பூ உதிர்ந்து எங்கள் பிளாக் சாலை முழுக்க மஞ்சள் தூள் பூசியிருந்தது.

குளித்துவிட்டு, வக்கீலுக்கு அனுப்புவதற்காக இணையச் சந்தையின் பக்கத்தைத் திறந்தேன். நம் பக்கம் சாம்பலாகவில்லை. அதே சிவப்புப் பை, அதே நட்சத்திரங்கள். நான் ட்யூரனிலிருந்து எழுதிய புகாருக்குச் சந்தை அனுப்பிய பதில் மெயிலும் வந்திருந்தது: விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையில் நாங்கள் ஒரு தளம் மட்டுமே.

அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. அந்தப் பையை வாங்கிய வாரத்தில், ஸ்டோர்ஸ் பெண்களும் எங்கள் பிளாக் பெண்களும் இருக்கும் வாட்ஸப் குழுவில் அதன் இணைப்பைப் போட்டு, "வாங்கலாம். நான் பார்த்துவிட்டேன்" என்று எழுதியிருந்தேன். நான் பார்த்துவிட்டேன் என்றால் எங்கள் பெண்களுக்கு வேறு சான்றிதழ் வேண்டியதில்லை. ஐந்து பேர் வாங்கினார்கள். குழுவில் எழுதினேன்: "அந்த வெந்நீர்ப் பையை யாரும் பயன்படுத்தாதீர்கள். மதியின் கையில் வெடித்தது." மதியின் கைப் படத்தையும் போட்டேன். நான்கு பேர் உடனே பதறிப் பதில் போட்டார்கள். அவர்களில் வனஜா, தன்னுடையது நன்றாகத்தான் வேலை செய்கிறது, இருந்தாலும் நாளை கொண்டுவந்து தருவதாக எழுதினாள். எதிர் குவார்ட்டர்ஸ் தாமரையிடமிருந்து மட்டும் பதில் இல்லை. வீட்டில் விளக்கும் எரியவில்லை. இரண்டாம் ஷிப்ட் போலிருக்கிறது.

மறுநாள் காலை பல் துலக்கியதும் முதல் வேலையாக எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். இன்னும் நன்றாக வெளுக்கவில்லை. தாமரை கோலப்பொடி டப்பாவோடு கதவைத் திறந்தாள்.

"எப்ப வந்தீங்க மேடம்? மதி எப்படி இருக்குது? போன் சார்ஜில கெடக்குது, ஒண்ணும் பாக்கல."

"அந்த ஹாட் பேக் எங்க தாமரை? எடுத்துட்டு வா."

"அதுவா?" அவள் சிரித்தாள். "என் தங்கச்சி துபாயிலேர்ந்து வந்திருந்தா மேடம். அவளுக்கும் இடுப்பு வலி. 'எங்க மேடம் பாத்து ஓகே பண்ணது, கண்ண மூடிகினு வெச்சிக்கோ'ன்னு அவ பெட்டியில போட்டு அனுப்பிட்டேன். முந்தா நேத்துதான் போனா."

நான் தங்கையின் எண்ணைக் கேட்டேன்.

"அங்க இன்னும் விடிஞ்சிருக்காதே மேடம். தூங்கிகினு இருப்பா."

"பரவாயில்ல, எழுப்பு."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, டப்பாவைப் படியில் வைத்தாள். உள்ளே போய்ச் சார்ஜரோடு போனை எடுத்து வந்து, எண்ணை அழுத்தி என்னிடம் கொடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்து நின்றது. மறுபடி அழுத்தினேன்.